பண்ணைக் கடலில் ரிமோட் வள்ளம்: சிக்னல் போன பிறகு படித்தவை

"மாமா, அது திரும்புதில்லை" என்று மருமகன் சொன்னபோது வள்ளம் கரையிலிருந்து எண்பது மீற்றர் அளவில் போயிருந்தது. மார்கழிக் கடைசி, வாடைக்காற்று முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணக் கோட்டைப் பக்கமாகப் பண்ணைக் கரையில் நின்று ரிமோட்டை அவன் கையிலிருந்து வாங்கி, ஸ்ரிக்கை இடம் வலம் ஆட்டினேன், வேகத்தை முழுதாகக் குறைத்தேன், ஒன்றுக்கும் அது அசையவில்லை. மோட்டர் மட்டும் அதே முழு வேகத்தில் ஓடியது. வள்ளம் நேரே மண்டைதீவுப் பக்கம் போனது. ரிமோட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கடலுக்குக் குறுக்கே போகும் வீதியான தாம்போதியில் நான் ஓட, பின்னால் பெடியன் ஓடிவந்தான்.

ஒரு முந்நூறு மீற்றருக்கு அப்பால் அது நின்றது. நண்டு வலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஐயா இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய் அதைத் தூக்கிவந்து தந்தார். "தம்பி, இது உங்கட வள்ளமோ? சாதாளைக்க செருகிக் கிடந்தது" என்றார். வள்ளத்தைத் தள்ளும் காற்றாடியில் சாதாளை என்ற கடற்புல் கயிறு முறுக்கியதுபோல இறுகச் சுற்றியிருந்தது, மோட்டரைத் தொட முடியாத சூடு, உள்ளே வயர் எரிந்த மணம். சாதாளை சுற்றியிராவிட்டால் பற்றரி தீரும் வரைக்கும் போயிருக்கும். போகும்போது அவர் சொன்ன இன்னொரு வசனம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

ரிமோட்டில் ஓடும் படகும் விமானமும் செய்யும் ஆசை இங்கே பலருக்கு வந்திருக்கிறது, கொழும்பிலிருந்தும் இணையத்திலும் சாமான் எடுப்பது இப்போது சுலபம். பணம் கட்டி எடுத்த சாமானைத் தண்ணீரிலும் வயலிலும் தொலைக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வயதுக்காரருக்கு இந்த ஆசை எவ்வளவு பழையது என்று சொல்லத் தேவையில்லை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குள் பற்றரி கொண்டுவரவே தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்ட ஆட்கள் நாங்கள். முள்முருக்கங்கட்டையில் வள்ளம் செதுக்கிக் கிணற்றடித் தொட்டியில் விடுவோம். அது ஊதினால் போகும், ஊதாவிட்டால் நிற்கும். சமாதான காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் 27 மெகாஹேர்ட்ஸ் ரிமோட் ஒன்று கொண்டுவந்தார், அதுதான் நான் கையில் பிடித்த முதல் ரிமோட். ஒரு மீற்றருக்கு மேல் நீளமான அன்ரெனாவை இழுத்து நீட்ட வேண்டும், ரிமோட்டிலும் படகுக்குள் சிக்னலை வாங்கும் ரிசீவரிலும், அலைவரிசையைத் தீர்மானிக்கும் ஒரே சோடிக் கிரிஸ்டல் குத்தியிருக்க வேண்டும். பக்கத்தில் இன்னொருவர் அதே கிரிஸ்டலோடு ரிமோட்டைப் போட்டால் உங்கள் படகு அவர் சொல்வதையும் கேட்கும். ஐரோப்பாவில் விமானத்துக்கு 35, படகுக்கும் காருக்கும் 40 என்று பிரித்து வைத்திருந்தார்கள். கழகங்களில் எந்த எண் யார் கையில் என்று ஆப்பு வைத்த பலகை தொங்கும்.

2.4 கிகாஹேர்ட்ஸ் வந்ததோடு அந்தத் தொல்லை போய்விட்டது. இன்றைய ரிமோட் ஒரே அலைவரிசையில் நிற்பதில்லை, 2400 முதல் 2483.5 மெகாஹேர்ட்ஸ் வரையான இடத்துக்குள் பல அலைவரிசைகளில் பரந்து வேலை செய்யும், பெரும்பாலானவை நொடிக்குப் பலதடவை தாவிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு ரிமோட்டுக்கும் தனி அடையாள எண் உண்டு. ஒருதடவை ரிசீவரோடு பைண்ட் செய்துவிட்டால், அதாவது சோடி சேர்த்துவிட்டால், அந்த ரிசீவர் வேறு யாரையும் கேட்காது. புட்டாபா, ஸ்பெக்ட்ரம், பிளைஸ்கை என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு முறை. ஒரு கம்பனி ரிசீவர் இன்னொரு கம்பனி ரிமோட்டோடு பொதுவாக ஒத்துவராது, ஆனபடியால் வாங்கும்போது இரண்டையும் சேர்த்துப் பார்த்து வாங்குங்கள். பத்துப் பேர் ஒரே கரையில் நின்று ஓட்டலாம். இவ்வளவும் வாசித்திருந்ததால் சிக்னல் போகும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை, தவறு அங்கேதான் தொடங்கியது.

வள்ளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முக்கால் மீற்றர் நீளம், மூன்று மில்லிமீற்றர் பிளைவூட், மேலே குருநகரில் வள்ளத்துக்குப் பூசுகிற அதே ரெசினும் பைபரும். உள்ளே ஒரு மோட்டர், சுக்கானைத் திருப்ப சேர்வோ என்ற குட்டி மோட்டர் ஒன்று, மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தி முன்னும் பின்னும் ஓட்டக்கூடிய ஈ.எஸ்.சி., 7.4 வோல்ற் லிப்போ (லித்தியம் பொலிமர்) பற்றரி. ரிசீவரை அடித்தளத்தில் பற்றரிக்குப் பக்கத்தில் ஒட்டி, அதன் இரண்டு அன்ரெனா வயரையும் சுருட்டி அருகிலேயே செருகியிருந்தேன். விடுவதற்கு முன் தூரமும் பார்த்தேன். எங்கள் ஒழுங்கை முகப்பில் கதிரையில் வள்ளத்தை வைத்துவிட்டு இருநூறு மீற்றர் நடந்து போய் ஸ்ரிக்கை அசைத்தேன், பெடியன் கையைத் தூக்கி "வேலை செய்யுது" என்று காட்டினான்.

அந்தச் சோதனைக்குப் பெறுமதியே இல்லை என்று பிறகுதான் விளங்கியது. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும், உப்புத் தண்ணீர் இன்னும் மோசம். நீரடியில் ஓடும் மாதிரி நீர்மூழ்கிகளுக்கு இன்றும் பழைய 27, 40 மெகாஹேர்ட்ஸ் ரிமோட்டைத் தேடிப் பிடிப்பது இதனால்தான், அதுவும் நன்னீரில்தான் சரிவரும். என் ரிசீவர் இருந்த இடம் நீர்மட்டத்துக்குக் கீழே. கரையில் நிற்கும் எனக்கும் அதற்கும் நடுவில் பலகை மட்டும் இருந்தால் பரவாயில்லை, பலகைக்கு வெளியே கடலும் இருந்தது. கிட்ட நிற்கும்போது சிக்னல் மேலாகச் சரிந்து எப்படியோ உள்ளே போகும், தூரம் போகப் போக அது தண்ணீரைத் தடவிக்கொண்டுதான் வரும். கதிரையில் இருந்த வள்ளத்துக்கு இந்தப் பிரச்சினை எதுவும் இல்லை. படகு என்றால் தூரச் சோதனையைத் தண்ணீரில்தான் செய்ய வேண்டும், ஒருவர் தண்ணீரில் இறங்கி அதைப் பிடித்துக்கொண்டு நிற்க மற்றவர் கரையில் நடக்க வேண்டும். பல ரிமோட்டுகளில் சக்தியைக் குறைத்துச் சோதிக்கும் வசதி இருக்கிறது. அதில் போட்டு முப்பது காலடி நடந்த தூரத்தில் எல்லாம் ஒழுங்காக அசைந்தால் விடலாம்.

அன்ரெனா விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இதைத்தான் எல்லாரும் தட்டிக்கழிக்கிறார்கள். 2.4 கிகாஹேர்ட்ஸின் அலைநீளம் 12.5 சென்ரிமீற்றர், அதில் காற்பங்கு 31 மில்லிமீற்றர். ரிசீவரிலிருந்து வரும் மெல்லிய வயர் பதினைந்து இருபது சென்ரிமீற்றர் நீளம் இருந்தாலும் உண்மையில் காது அதன் நுனியில் உறை உரிந்த அந்த 31 மில்லிமீற்றர்தான், மிச்சமெல்லாம் வெறும் கேபிள். கேபிளை எங்கே வேண்டுமானாலும் ஓட்டலாம், நுனியை மட்டும் பற்றரி, மோட்டர், உலோகம், கார்பன் பைபர் எதற்கும் கிட்ட விடக்கூடாது, மடக்கவும் வெட்டவும் கூடாது. இரண்டு அன்ரெனா இருந்தால் ஒன்றுக்கொன்று 90 பாகையில் வையுங்கள். விமானம் எந்தப் பக்கம் புரண்டாலும் ஒன்றாவது உங்களைக் கேட்கும். ரிமோட்டின் அன்ரெனாவை விமானத்தை நோக்கித் துப்பாக்கி மாதிரி நீட்டுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அன்ரெனாவின் நுனித் திசையில்தான் சிக்னல் மிகக் குறைவு, பக்கவாட்டில்தான் அதிகம், ஆகவே அதைக் குறுக்காகவோ நிமிர்த்தியோ வையுங்கள்.

படகில் இன்னொரு கணக்கு இருக்கிறது. தண்ணீர் மேல் தாழ்வாகப் போகும் அலையோடு தண்ணீரில் பட்டுத் தெறித்த அலையும் வந்து சேர்ந்து ஒன்றையொன்று அழிக்கும். குறிப்பிட்ட தூரம் தாண்டினால், தூரம் இரண்டு மடங்காகும்போது சிக்னல் பதினாறில் ஒரு பங்காகிவிடும். அதே கணக்கில் அன்ரெனாவின் உயரத்தை இரண்டு மடங்காக்கினால் சிக்னல் நாலு மடங்காகும். ஒரு சதமும் செலவில்லாமல் கிடைக்கிற லாபம் இது. நான் வள்ளத்தின் நடுவில் மூங்கில் குச்சியில் ஒரு சின்னப் பாய்மரம் நட்டு, குடிக்கிற ஸ்ட்ரோவுக்குள் அன்ரெனாவை விட்டு அதில் கட்டினேன். ரிசீவரை மேல்தட்டுக்கு அடியில் ஏற்றினேன். அன்ரெனா நுனி இப்போது தண்ணீருக்கு மேல் இருபது சென்ரிமீற்றர். நானும் மணலில் நிற்காமல் தாம்போதிக் கட்டில் ஏறி நிற்பேன். அதே ரிமோட், அதே ரிசீவர், முன்பு எண்பது மீற்றரில் விட்டது, இப்போது வள்ளம் கண்ணுக்குப் புள்ளியாகும் வரைக்கும் பிடிக்கிறது.

ஆனால் இவ்வளவு செய்தாலும் சிக்னல் ஒருநாள் போகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் போனது கூடப் பெரிய விஷயமில்லை. சிக்னல் போன பிறகும் வள்ளம் ஏன் முழு வேகத்தில் ஓடியது என்பதுதான் கேள்வி. ரிமோட்டின் மெனுவுக்குள் ஃபெயில்சேஃப் என்று ஒன்று இருக்கிறது. சிக்னல் கிடைக்காவிட்டால் வேகம், சுக்கான் என்று ஒவ்வொரு சனலும் எந்த நிலைக்குப் போக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது அது. வாங்கும்போது பல ரிமோட்டுகளில் அது அணைந்தே இருக்கும். அணைந்திருந்தால் சில ரிசீவர்கள் கடைசியாகக் கேட்ட கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும், எங்களுக்கு நடந்தது அதுதான். பெடியன் கடைசியாகச் சொன்னது முழு வேகம், ரிசீவர் அதை விடாமல் நிறைவேற்றியது.

அன்றிரவே ஃபெயில்சேஃப் போட்டேன். விமானத்தைப் பற்றி வாசித்த பழக்கத்தில் வேக ஸ்ரிக்கை அடிமட்டத்துக்கு இழுத்து அங்கே பதிந்தேன். அடுத்தநாள் காலை கிணற்றடித் தொட்டியில் வள்ளத்தை விட்டு, அரை வேகத்தில் ஓடவைத்து, ரிமோட்டை அணைத்தேன். ஒரு நொடி அமைதி. பிறகு காற்றாடி தலைகீழாகச் சுழன்று வள்ளம் பின்பக்கமாகப் பாய்ந்து தொட்டிச் சுவரில் இடித்தது, தண்ணீர் முழுக்க என்மேல். காரணம் இதுதான்: சேர்வோவுக்கும் ஈ.எஸ்.சி.க்கும் ரிசீவர் அனுப்புவது சின்னச் சின்னத் துடிப்புகள், ஒன்று முதல் இரண்டு மில்லிசெக்கன் வரை. விமான ஈ.எஸ்.சி.க்கு 1 மில்லிசெக்கன் என்றால் நிறுத்தம். முன்னும் பின்னும் ஓடும் படகு ஈ.எஸ்.சி.க்கு நிறுத்தம் நடுவில், 1.5இல், 1 என்றால் முழுப் பின்னோட்டம். ஆகவே படகுக்கு ஃபெயில்சேஃப் ஸ்ரிக்கின் நடுநிலை. விமானத்துக்கு மோட்டர் முற்றாக நிறுத்தம், செட்டைத் தகடுகள் நடுநிலை அல்லது மெதுவாக வட்டமிட்டு இறங்கும்படி ஒரு சின்னத் திருப்பம். எதைப் போட்டாலும் ரிமோட்டை அணைத்துக் கண்ணால் பாருங்கள், விமானமென்றால் காற்றாடியைக் கழற்றிவிட்டு. நல்லகாலம், தொட்டியில் பார்த்தேன்.

விமானக் கதை வேறு. அது விழுந்ததற்கும் அன்ரெனாவுக்கும் சம்பந்தமில்லை, ஆனால் விழுந்த அன்று நான் சத்தியம் பண்ணியிருப்பேன் சிக்னல்தான் போனது என்று. 1.2 மீற்றர் செட்டை அகலமான ஃபோம் விமானம். சுக்கான், வால், செட்டைகள், பிளாப் (இறக்கும்போது செட்டையில் கீழே மடியும் தகடு) எல்லாம் சேர்த்து ஆறு சேர்வோ. அறுவடை முடிந்த வயல், மாசி மாத மாலை, ஆளரவம் இல்லை. நாலாவது பறப்பில் இறக்குவதற்காகப் பிளாப்பை இறக்கி, அதே நேரம் இறுக்கித் திருப்பினேன். மூன்று நொடி ஒன்றும் கேட்கவில்லை. மூக்கு குத்தித் தாளடியில் விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் ரிசீவர் விளக்கு எரிகிறது, ஸ்ரிக்கை அசைத்தால் எல்லாம் அசைகிறது!

வீட்டில் காற்றாடியைக் கழற்றிவிட்டு ரிமோட் திரையில் ரிசீவர் வோல்ற்றைப் பார்த்தேன், புதிய ரிமோட்டுகளில் அது திரும்பி வந்து காட்டும். சும்மா இருக்கும்போது 5.0. இரண்டு ஸ்ரிக்கையும் வட்டமாகச் சுழற்றிக்கொண்டு பிளாப்பையும் இறக்கினேன், 4.6, 4.2, பிறகு எண்ணே போய்விட்டது. மருமகன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அன்றைக்கும் இதுதானே மாமா நடந்தது" என்றான். ரிசீவர் பசியில் மயங்கி, திரும்ப எழும்பி, ரிமோட்டைத் தேடிப் பிடிக்கும் வரைக்கும்தான் அந்த மூன்று நொடி. ஈ.எஸ்.சி.க்குள் பற்றரியின் 11.1 வோல்ற்றை 5 ஆகக் குறைத்து ரிசீவருக்கும் சேர்வோக்களுக்கும் கொடுக்கிற பகுதியை பி.ஈ.சி. என்பார்கள். விலை குறைந்தவற்றில் அது மிச்ச வோல்ற்றை வெறும் சூடாக எரித்துவிடும், ஒரு அம்பியர் எடுத்தாலே 6 வாற் வெப்பம், மேலே போனால் தானாகவே கட்டாகும். சின்ன ஒன்பது கிராம் சேர்வோ இறுகி நின்றால் அது மட்டுமே அரை அம்பியருக்கு மேல் இழுக்கும், ஆறு சேர்வோவை அப்படியொரு பி.ஈ.சி.யில் கட்டியது என் பிழை. மிச்ச வோல்ற்றை அப்படிச் சூடாக எரிக்காத சுவிச்சிங் வகை பி.ஈ.சி. ஒன்று, 5 அம்பியர், தனியாகப் பூட்டினேன். அப்படிப் பூட்டும்போது ஈ.எஸ்.சி.யிலிருந்து ரிசீவருக்குப் போகும் மூன்று வயரில் நடுச் சிவப்பைக் கழற்றி ரேப் சுற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு மின்வழங்கிகளும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். இப்போது எல்லாவற்றையும் ஒன்றாக ஆட்டினாலும் 4.9க்குக் கீழே போவதில்லை.

வள்ளத்திலும் இதே விஷயம் சாதாளை வடிவில் வரும். காற்றாடி சிக்கினால் மோட்டர் கண்டபடி மின்சாரம் இழுக்கும், வோல்ற் சரியும், ரிசீவர் அணையும். ஒரு பியூஸ் போடுங்கள். ஓட்டம் கனத்ததுபோலத் தெரிந்தால் உடனே நிறுத்தி, பின்பக்கம் ஒரு நொடி ஓட்டினால் பலதடவை சாதாளை கழன்றுவிடும். உப்புத் தண்ணீரைப் பற்றி: ரிசீவரைப் பலூனுக்குள் போட்டு வாயைக் கட்டி, சப்பாத்துப் பெட்டியில் வரும் அந்த ஈரம் உறிஞ்சும் பையையும் சேர்த்து வைக்கிறேன். திறந்த சர்க்கியூட் பலகைகளுக்கு இணைப்பூசிகளை விட்டுவிட்டு நகப்பூச்சு இரண்டு பூச்சு. காற்றாடித் தண்டு போகும் குழாய்க்குள் கிறீஸ். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை கிணற்றுத் தண்ணீரில் கழுவுவது, பிறகுதான் தேத்தண்ணி. ஒருதடவை மறந்துபோய் மறுநாள் பார்த்தேன், சேர்வோ இணைப்பில் பச்சை பூத்துவிட்டது.

ஒரே ரிமோட்டில் வள்ளத்தையும் விமானத்தையும் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு தடவையும் திரையில் எந்த மாதிரியின் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டே தொடங்குங்கள். ஸ்ரிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது செட்டையின் தகடு மேலே எழும்ப வேண்டும், கீழே போனால் அப்படியே நிறுத்திவிடுங்கள். ரிமோட்டை முதலில் போட்டு மாதிரியைப் பிறகு போடுவது, அணைக்கும்போது மாதிரியை முதலில். லிப்போவை ஒரு செல் 4.2 வோல்ற்றுக்கு மேல் ஏற்றவோ 3க்குக் கீழே இறக்கவோ வேண்டாம், சும்மா வைப்பதென்றால் 3.8. எங்கள் வெயிலில் சைக்கிள் கூடைக்குள் பற்றரியை விட்டுவிட்டுப் போகவும் வேண்டாம்.

எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் என்ற திறந்த மென்பொருளில் ஓடும் ரிமோட்டுகளும் இப்போது கிடைக்கின்றன. தூரம் நிறையப் போகும், எனக்கும் ஆசைதான். ஆனால் முதல் படகுக்கு அது தேவையே இல்லை. அதில் 868, 915 மெகாஹேர்ட்ஸ் வகைகளும் இருக்கின்றன, நாட்டுக்கு நாடு அனுமதி வேறுபடும், இங்கே தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். பறக்க விடுவதற்கு முன் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகளையும் வாசியுங்கள். பலாலியில் விமான நிலையம் இயங்கும் குடாநாடு இது, அந்தப் பக்கம் தலைவைத்தும் பார்க்க வேண்டாம். அன்ரெனா நீட்டிய பெட்டியோடு வெளியில் நிற்கும் ஆளை இங்கே யாரும் சும்மா கடந்து போவதில்லை. முதல்நாளே பக்கத்துப் பொலிஸில் சொல்லி வைத்ததால் எனக்கு ஒரு கரைச்சலும் வரவில்லை. தை மாதத்தில் விமானத்தைத் தொடவே மாட்டேன். வல்வெட்டித்துறையில் மட்டுமா, எங்கள் ஊரிலும் வானம் முழுக்கப் பட்டம், பட்டத்தில் கட்டிய விண் கூவுகிற சத்தம் கேட்கும், நூல் கண்ணுக்குத் தெரியாது.

உலகத்தில் மக்கள் முன் காட்டப்பட்ட முதல் ரேடியோக் கட்டுப்பாட்டு வாகனமே ஒரு படகுதான். நிக்கோலா தெஸ்லா 1898இல் நியூயோர்க் மடிசன் சதுக்க மண்டபத்தில் ஒரு தொட்டிக்குள் அதை ஓட்டிக் காட்டினார். இதைச் சொன்ன நாளிலிருந்து மருமகன் எங்கள் கிணற்றடித் தொட்டியை மிக மரியாதையோடு பார்க்கிறான். புதிதாக எதைப் பூட்டினாலும் முதலில் அங்கேதான் விடுகிறோம்.

அந்த நண்டு வலை ஐயா சொன்ன வசனம் இதுதான்: "வாடைக்க விட்டால் கடல்தான் கொண்டுபோகும் தம்பி. சோளகத்தில விடுங்கோ, காத்தே கொண்டுவந்து தரும்." மோட்டர் நின்றுபோன படகுக்குக் காற்றுத்தான் சாரதி என்பதை ஃபெயில்சேஃப் பற்றி நான் வாசித்த எதுவும் சொல்லித் தரவில்லை. கோட்டைக் கரையில் நின்றால் வாடை வெளியே தள்ளும், சோளகம் தென்மேற்கிலிருந்து கரைக்கு அடிக்கும்.

ஆனி மாதம் திரும்பப் போனோம். சோளகம் நன்றாக எழும்பியிருந்தது. தண்ணீரில் தூரம் பார்த்தோம், வோல்ற் பார்த்தோம், பிறகு வள்ளத்தை நூறு மீற்றர் வெளியே ஓட்டிவிட்டு ரிமோட்டை மருமகனிடம் கொடுத்து, "அணை" என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். "உண்மையாவோ மாமா?" அணைத்தான். மோட்டர்ச் சத்தம் நின்றது. வள்ளம் சற்றுத் தூரம் வழுக்கிப் போய், மெதுவாகக் குறுக்கே திரும்பி, அலையில் ஆடிக்கொண்டு நின்றது. அப்புறம் மூங்கில் பாய்மரம் கரைப்பக்கம் சாய்ந்தது. அவன் செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கிக் காத்துக்கொண்டு நின்றான். பத்து நிமிடம் போயிருக்கும், அது தானாகவே அவன் கைக்கு வந்து சேர்ந்தது.